சுடுதண்ணி எத்தனை டிகிரி? மின் நிலையக் குளிர்விப்பு நீரைக் கண்காணிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

எண்ணூர்க் கழிமுகத்தில் இடுப்பளவு நீரில் இறங்கி இறாலைக் கையால் தடவிப் பிடிப்பவர்களிடம் தெர்மாமீட்டர் கிடையாது. ஆனால் தண்ணீர் எந்த இடத்தில் வெதுவெதுப்பாகிறது, எந்த நேரத்தில் காலைச் சுடுகிறது என்று கேட்டால் அடி பிசகாமல் சொல்வார்கள். மின் நிலையங்கள் தரும் அறிக்கைகளைப் புரட்டினால் பெரும்பாலும் "வெப்பநிலை உயர்வு வரம்புக்குள்" என்ற ஒரே வரிதான் இருக்கும். யாரோ ஒருவர் பொய் சொல்கிறார் என்றுதான் முதலில் தோன்றும். இரண்டும் உண்மையாக இருக்க வாய்ப்புண்டு. அவர் அளந்த இடம் வேறு, இவர் நிற்கிற இடம் வேறு. அவர் ஒப்பிட்ட நீர் வேறு, இவருக்குப் பழகிய நீர் வேறு.

சுடுநீர் வெளியேற்றத்தைக் கட்டுப்படுத்தும் சட்டத்தின் நல்லதும் பொல்லாததும் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. "எத்தனை டிகிரி" என்பதற்கு முன்னால் "எங்கே, எதைவிட" என்று கேட்கப் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது. மீனவர் சங்கம், ஊர்ப் பஞ்சாயத்து, கல்லூரி மாணவர் குழு என யார் எடுத்துச் செய்வதானாலும் கீழே உள்ள வரிசை உதவும்.

படி 1: வெப்பம் எங்கிருந்து வருகிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

கொதிகலனில் உண்டான நீராவி டர்பைனைச் சுழற்றிவிட்டு கண்டன்சருக்கு வருகிறது. அங்கே ஆயிரக்கணக்கான குழாய்களுக்குள் கடல்நீரோ ஆற்றுநீரோ ஓடிக்கொண்டிருக்கும். குழாய்களின் வெளிப்புறத்தில் நீராவி குளிர்ந்து மறுபடி தண்ணீராகும். உள்ளே ஓடும் நீர் அந்த வெப்பத்தை வாங்கிக்கொண்டு வெளியே போகும். ஒருமுறை உள்ளே இழுத்து, சூடாக்கி, அப்படியே வெளியே விடுவதுதான் பழைய கடலோர நிலையங்களின் முறை.

210 மெகாவாட் நிலக்கரி அலகு ஒன்று முழு அளவில் ஓடும்போது தோராயமாக 270 மெகாவாட் வெப்பத்தைக் குளிர்விப்பு நீரில் கொட்டுகிறது. நமக்கு வரும் மின்சாரத்தைவிட நீருக்குப் போகும் வெப்பம் அதிகம். நிலக்கரி நிலையத்தில் கொஞ்சம் வெப்பம் புகைபோக்கி வழியே போய்விடும். அணுமின் நிலையத்தில் அந்த வழி இல்லை. ஒரு பங்கு மின்சாரத்துக்கு ஏறக்குறைய இரண்டு பங்கு வெப்பம் நீருக்குத்தான்.

படி 2: 5, 7, 10 என்ற மூன்று எண்களைப் பிரித்துப் பாருங்கள்

இந்தியாவில் இதற்கான அடிப்படை, 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) விதிகள். அனல்மின் நிலையங்களுக்கு அப்போது வைத்த வரம்பு கறாரானது: ஒருமுறை ஓடி வெளியேறும் குளிர்விப்பு நீர், உள்ளே இழுத்த நீரைவிட 5 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக இருக்கக் கூடாது. கூடவே தனிக் குளோரின் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் என்ற வரம்பும் இருந்தது.

1998 டிசம்பர் 22 அறிவிக்கை இதை மாற்றியது. அதை வாசிக்கும்போது ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் "எங்கே" என்று எழுதிக்கொள்ளுங்கள்.

1999 ஜூன் 1க்குப் பின் இயங்கத் தொடங்கிய நிலையங்களில் ஆறு, ஏரி, நீர்த்தேக்க நீரைப் பயன்படுத்துபவை எங்கே இருந்தாலும், எத்தனை மெகாவாட் ஆனாலும் கூலிங் டவர் (சூடான நீரைக் காற்றில் ஆறவிட்டு மறுபடி பயன்படுத்த உதவும் கோபுரம்) வைக்க வேண்டும். அதே தேதிக்குப் பின் வந்து கடல்நீரைப் பயன்படுத்தும் கடலோர நிலையங்கள், கலக்கும் இடத்தில் உள்ள நீரின் இயல்பு வெப்பநிலையைவிட 7 டிகிரிக்கு மேல் உயராதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு முந்தைய நிலையங்களுக்கு, கண்டன்சருக்குள் நுழையும் நீருக்கும் வெளியேறும் நீருக்கும் இடையே 10 டிகிரிக்கு மேல் வேறுபாடு கூடாது.

7 என்பது கடலில் அளப்பது. 10 என்பது ஆலைக்குள்ளே, குழாயின் இரு முனைகளில் அளப்பது. பழைய நிலையம் தன் 10ஐ ஒழுங்காகக் கடைப்பிடித்தபடியே ஒரு சின்னக் கழிமுகத்தை வேகவைக்கலாம். அளவுகோல் ஆலையின் மதிலுக்குள்ளேயே நின்றுவிடுகிறது. அந்த அறிவிக்கையின் பெரிய ஓட்டை இதுதான் என்பது என் எண்ணம்.

அதே அறிவிக்கையில் பலர் கண்ணில் படாத வழிகாட்டுக் குறிப்புகளும் உண்டு. வெளியேற்றும் வாய் கூடியமட்டும் நீரோட்டத்தின் நடுவில், அடிமட்டத்தில் இருக்க வேண்டும். கடலில் விடுவதானால் முறையான கடல்வாய் அமைப்பு வேண்டும். கழிமுகங்களிலும், அலையாத்திக் காடுகள், பவளத்திட்டுகள், மீன் முட்டையிடும் இடங்கள் போன்றவற்றின் அருகிலும் குளிர்விப்பு நீரை விட அனுமதிக்கக் கூடாது. மனு எழுதும் நாள் வரும்போது இந்தக் கடைசி வாக்கியம் டிகிரிக் கணக்கைவிட அதிகம் கைகொடுக்கும்.

2015 டிசம்பரில் மத்திய அரசு நன்னீர்ச் செலவுக்கு வரம்பு வைத்து, ஒருமுறை ஓட்டம் வைத்திருந்த பழைய நிலையங்களும் கூலிங் டவர் வைக்க வேண்டும் என்றது. 2018 ஜூன் திருத்தத்தில், கடல்நீரைப் பயன்படுத்தும் நிலையங்களுக்கு அந்த நீர்ச்செலவு விதி பொருந்தாது என்றாகிவிட்டது. ஆகக் கடலோரத்துக்கு இன்றும் 1998தான் கதி.

படி 3: உங்கள் நிலையத்தின் பிறந்த தேதியைக் கண்டுபிடியுங்கள்

சாதகம் பார்ப்பதுபோல் இதிலும் பிறந்த தேதி முக்கியம். வட சென்னை அனல்மின் நிலையத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நிலையின் மூன்று 210 மெகாவாட் அலகுகள் 1990களின் நடுவில் வந்தவை. கூலிங் டவர் இல்லை, சுடுநீர் கால்வாய் வழியாகக் கழிமுகத்துக்குப் போகிறது. இரண்டாம் நிலையின் இரண்டு 600 மெகாவாட் அலகுகள் 2014இல் வணிக உற்பத்திக்கு வந்தவை; அவற்றுக்கு வானுயர்ந்த கூலிங் டவர்கள் இருக்கின்றன. ஒரே வளாகம், ஒரே கடல், இரண்டு சட்டங்கள். "அந்த பிளான்ட்" என்று பொத்தாம்பொதுவாகப் புகார் கொடுத்தால் பதிலும் பொத்தாம்பொதுவாகத்தான் வரும். அலகு வாரியாக எழுதுங்கள்.

படி 4: காகிதங்களைச் சேருங்கள்

முதலில் சுற்றுச்சூழல் அனுமதிக் கடிதம். மத்திய அமைச்சகத்தின் பரிவேஷ் தளத்தில் தேடலாம். அதன் நிபந்தனைகளில் பொது விதியைவிடக் கறாரான எண் இருக்கக்கூடும். அப்படி இருந்தால் அந்த நிலையத்துக்கு அதுதான் வரம்பு. அனுமதி பெற்ற நிறுவனம் ஆண்டுதோறும் ஜூன் 1, டிசம்பர் 1 ஆகிய தேதிகளில் அரையாண்டு இணக்க அறிக்கை தர வேண்டும். கடைசி ஐந்தாறு அறிக்கைகளை அருகருகே வைத்துப் பாருங்கள். மே மாத எண்ணும் டிசம்பர் மாத எண்ணும் புள்ளி பிசகாமல் ஒன்றாக இருந்தால், தெர்மாமீட்டர் தண்ணீரைப் பார்த்ததா என்ற கேள்வி எழத்தான் செய்யும்.

அடுத்தது 1974ஆம் ஆண்டின் நீர்ச் சட்டத்தின்கீழ் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தரும் இசைவாணை. வெளியேற்றும் வாய் எது, நாளொன்றுக்கு எவ்வளவு, எந்த வெப்பநிலை என்பதெல்லாம் அதில்தான். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேட்கலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். அதைவிடக் குறுக்கு வழி ஒன்று அந்த நீர்ச் சட்டத்திலேயே இருக்கிறது. 25ஆம் பிரிவின் 6ஆம் உட்பிரிவுப்படி வாரியம் இந்த நிபந்தனைகளுக்கு ஒரு பதிவேடு வைத்திருக்க வேண்டும். அந்த வாயால் பாதிக்கப்படும் யாரும் அலுவலக நேரத்தில் போய்ப் பார்க்கலாம். போய்க் கேட்பவர்கள் குறைவு. கேட்டுப் பாருங்கள்.

படி 5: ஒரு சின்னக் கணக்கு

தண்ணீரில் சேரும் வெப்பத்தை மெகாவாட்டில் எழுதுங்கள். அதை, விநாடிக்கு எத்தனை கன மீட்டர் நீர் ஓடுகிறதோ அந்த எண்ணால் வகுத்து, மறுபடி 4.1ஆல் வகுங்கள். கிடைப்பது எத்தனை டிகிரி உயரும் என்பது. (கடல்நீருக்கு 4.1. ஆற்றுநீருக்கு 4.2 வைத்துக்கொள்ளலாம்.)

270 மெகாவாட் வெப்பம், விநாடிக்கு 7 கன மீட்டர் நீர் என்றால் சுமார் 9.4 டிகிரி. பம்ப் ஒன்று பழுதாகி ஓட்டம் 5 கன மீட்டராகக் குறைந்தால் 13 டிகிரி. ஓட்டத்தை 10 ஆக்கினால் 6.6.

கல்பாக்கத்துக்கும் போட்டுப் பார்க்கலாம். சென்னை அணுமின் நிலையத்தின் இரண்டு 220 மெகாவாட் உலைகளும் சேர்ந்து ஓடினால் நீருக்குப் போகும் வெப்பம் சுமார் 1,100 மெகாவாட். கடலுக்கடியில் ஏறக்குறைய அரைக் கிலோமீட்டர் போகும் சுரங்கம் வழியே விநாடிக்குச் சுமார் 35 கன மீட்டர் இழுக்கிறார்கள். விடை 7.7 டிகிரி. வெளியேறும் வாயில் அந்த அளவுக்குச் சூடு இருந்தே தீரும். அது கடலில் எவ்வளவு சீக்கிரம் தணிகிறது என்பதுதான் மிச்சக் கதை.

இந்தக் கணக்கில் ஒரு சூட்சுமம் ஒளிந்திருக்கிறது. டிகிரியைக் குறைக்க வெப்பத்தைக் குறைக்க வேண்டியதில்லை. கூடுதலாகக் கடல்நீரை இழுத்துக் கலந்தாலே போதும். காகிதத்தில் எண் இறங்கும். கடலுக்குப் போகும் வெப்பம் அப்படியேதான் இருக்கும். கூடுதல் நீரோடு கூடுதலாக மீன்முட்டையும் இறால்குஞ்சும் பம்புக்குள் போகும். ஆகவே இசைவாணையில் டிகிரி மட்டும் இருந்தால் போதாது, நாளொன்றுக்கு எத்தனை கன மீட்டர் என்ற உச்சவரம்பும் இருக்க வேண்டும். இல்லையென்றால் அதைக் கேளுங்கள்.

படி 6: அளக்கப் போவது

இங்கேதான் நிதானம் வேண்டும். எனக்குத் தெரிந்து பல குழுக்கள் நல்ல கருவியோடு போய், தவறான நேரத்தில் தவறான இடத்தில் அளந்து, எதிர்த்தரப்புக்குச் சாதகமான எண்ணோடு திரும்பியிருக்கின்றன.

கையில் வேண்டியவை: 0.1 டிகிரி வரை காட்டும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் இரண்டு, அரை மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்டு முனையில் ஈயக்குண்டு கட்டிய கயிறு, உப்புத்தன்மை பார்க்கும் சின்னக் கருவி, இருப்பிடம் பதியும் கைபேசி, அலை ஏற்ற இறக்க அட்டவணை, பேனாவால் எழுதும் நோட்டு. கிளம்பும் முன் இரண்டு தெர்மாமீட்டர்களையும் ஒரே வாளித் தண்ணீரில் வைத்து ஒத்துப்போகின்றனவா என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். உணர்முனை தண்ணீருக்குள் இருக்கும்போதே எண்ணை வாசிக்க வேண்டும். தூக்கிவிட்டு வாசித்தால் காற்று அதை ஒரு டிகிரி ஏமாற்றிவிடும்.

ஒப்பீட்டு இடம். "இயல்பு வெப்பநிலை" என்பது எந்த இடத்து நீர்? சண்டை எல்லாம் இதில்தான். நிலையங்கள் வழக்கமாக உள்ளிழுக்கும் இடத்து நீரைக் காட்டும். அது ஆழமான துறைமுக நீராக இருக்க, விடுவது முழங்காலளவுக் கழியாக இருந்தால் இரண்டும் ஒப்பிடத் தக்கவையல்ல. அதோடு, வெளியே விட்ட சுடுநீர் சுற்றிக்கொண்டு மறுபடி உள்வாய்க்கே வந்தால் உள்வாய் நீரே 2 டிகிரி சூடாக இருக்கும்; அப்போது காகிதத்தில் 7 என்பது உண்மையில் 9. ஆகவே சுடுநீர் எட்டாத, அதே ஆழமும் அதே மண்ணும் உள்ள இடமாகக் குறைந்தது இரண்டு தேர்ந்தெடுங்கள். மே மாத வெயிலில் ஆழமற்ற கழி தானாகவே சூடாகும் என்பதை மறக்க வேண்டாம். அதை ஆலையின் கணக்கில் எழுதினால் உங்கள் அறிக்கை முழுவதும் செல்லாக்காசாகிவிடும்.

நேரம். விடியற்காலைதான் தோது. வெயிலின் சூடு இரவில் தணிந்திருக்கும். மிச்சமிருப்பது ஆலையின் சூடு. மதிய நேரம் இரண்டு விதத்தில் மோசம். வெயில் எண்ணைக் குழப்பும். இன்னொன்று, சூரிய மின்சாரம் பெருகியபின் நிலக்கரி நிலையங்கள் பல நடுப்பகலில் உற்பத்தியைக் குறைத்து, மாலை மங்கியதும் ஏற்றுகின்றன. அலுவலக நேரத்தில் வரும் ஆய்வுக் குழு ஆலை மெதுவாக ஓடும்போது அளந்துவிட்டுப் போகும். அளந்த நேரத்தில் எத்தனை மெகாவாட் ஓடியது என்ற எண் இல்லாத வெப்பநிலை அறிக்கைக்கு மதிப்பே இல்லை என்பேன்.

அலை. கடல் ஏறும்போது புதுநீர் கழிமுகத்துக்குள் புகுந்து சூட்டைக் கரைத்துவிடும். வற்றும்போது சூடு தேங்கும். இரண்டு நேரத்திலும் அளந்து இரண்டையும் எழுதுங்கள். முகத்துவாரம் மணல் அடைத்துக் கிடக்கிறதா, திறந்திருக்கிறதா என்பதையும் சேருங்கள். திறந்த கடற்கரையில் நீரோட்டத்தின் திசை பருவத்துக்குப் பருவம் மாறும். சென்னை மீனவர்கள் தெற்கிலிருந்து வருவதைத் தெண்டி என்றும் வடக்கிலிருந்து வருவதை வண்ணி என்றும் சொல்வார்கள். கல்பாக்கத்தில் சுடுநீர் கடலில் கலக்கும் இடமே இந்த நீரோட்டத்துக்கும் மணல் திட்டுக்கும் ஏற்ப வடக்கும் தெற்குமாக நகர்ந்திருக்கிறது. ஒரே புள்ளியில் ஆண்டு முழுவதும் அளக்கும் நிலையம் பாதி ஆண்டு வெறும் கடலை அளந்துகொண்டிருக்கக்கூடும். எந்தப் பக்கம் தண்ணீர் போகிறது என்று படகோட்டுபவரைக் கேட்டுவிட்டு இடத்தை முடிவு செய்யுங்கள்.

ஆழம். சூடான நீர் இலேசானது, மேலே மிதக்கும். ஆனால் கூலிங் டவரில் சுற்றிய கடல்நீர் அப்படியல்ல. டவரில் நீர் ஆவியாகப் போவதால் மிச்சமிருப்பதில் உப்பு ஏறும். 7 டிகிரி சூடு தரும் இலேசை, லிட்டருக்கு மூன்று கிராம் கூடுதல் உப்பு ஈடுகட்டிவிடும். அதற்கு மேல் உப்பு ஏறினால் அந்த நீர் சூட்டோடு கடலடிக்குத்தான் போகும். மேற்பரப்பில் தெர்மாமீட்டர் வைத்து "ஒன்றுமில்லை" என்று திரும்பினால், அடியில் கிடக்கும் நண்டுக்கும் மட்டிக்கும் நடப்பது தெரியாது. மேல், நடு, அடி என மூன்று இடங்களில் வெப்பநிலையையும் உப்பையும் சேர்த்தே பாருங்கள்.

செயற்கைக்கோள் படம் துணைக்கு உண்டு. லேண்ட்சாட் 8, 9 இரண்டும் சேர்ந்து எட்டு நாளுக்கு ஒருமுறை முற்பகலில் கடந்து போகும், படங்கள் இலவசம். வெப்பம் காட்டும் உணர்கருவியின் கூர்மை சுமார் 100 மீட்டர்தான், பார்ப்பதும் நீரின் மேல்தோலை மட்டும். பத்து ஆண்டுப் போக்கைக் காட்ட நல்லது. வரம்பு மீறலை அதை மட்டும் வைத்து நிரூபிக்க முயல வேண்டாம்.

படி 7: டிகிரியில் தெரியாதவை

30 டிகிரி நன்னீரில் கரையக்கூடிய ஆக்சிஜன் லிட்டருக்குச் சுமார் 7.6 மில்லிகிராம். அதே நீர் 37 டிகிரியானால் 6.7. உப்புநீரில் இதைவிடக் குறைவு. சூடு ஏற ஏற மீனுக்கு மூச்சு அதிகம் தேவைப்படும் நேரத்தில் நீரில் இருப்பது குறைகிறது. குளிர்நாட்டு மீனுக்கு 7 டிகிரி கூடினாலும் தப்பிக்க இடமுண்டு. நம் கோடைக் கடல் ஏற்கெனவே 30ஐத் தொட்டுக்கொண்டிருக்கிறது. பவளமோ வழக்கமான கோடை உச்சத்துக்கு மேல் ஒரே ஒரு டிகிரி சில வாரம் நீடித்தாலே வெளுக்கத் தொடங்கும். "கூடுதல் 7" என்று மட்டும் சொல்லி, "மொத்தம் இத்தனைக்கு மேல் கூடாது" என்ற உச்சவரம்பைச் சொல்லாத விதி வெப்பநாட்டுக்குப் பொருந்தாது.

குழாய்களில் பச்சை மட்டியும் கொட்டலசும் ஒட்டாமலிருக்கக் குளோரின் விடுவார்கள். சில நேரம் தொடர்ந்து கொஞ்சமாக, சில நேரம் மொத்தமாக. மொத்தமாக விடும் நேரத்தைக் கேட்டு வாங்கி, அந்த நேரத்தில் அளந்தால்தான் 0.5 என்ற வரம்புக்கு அர்த்தம்.

படி 8: என்ன கேட்பது

மனு கொடுக்கும் முன் எதைக் கேட்கப் போகிறோம் என்பது தெளிவாக இருக்கட்டும். கால்வாயை நீட்டுவது, ஆழ்கடலில் பல துளைக் குழாய் வைப்பது, குளிர்விப்புக் குளம், கூலிங் டவர் என்று வழிகள் பல. முதல் இரண்டும் வெப்பத்தை வேறிடத்துக்குக் கொண்டுபோய்ப் பரப்பும். கடைசி இரண்டும் பெரும்பகுதியைக் காற்றுக்கு அனுப்பும்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிரேட்டன் பாயின்ட் என்ற அனல்மின் நிலையம் இருந்தது. சுமார் 1,500 மெகாவாட். மவுன்ட் ஹோப் விரிகுடாவிலிருந்து நாளுக்கு ஏறக்குறைய 100 கோடி கேலன் நீரை இழுத்துச் சூடாக்கி விட்டது. 1980களின் நடுவில் அதன் ஓர் அலகை மூடிய சுழற்சியிலிருந்து (அதே நீரைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் முறை) ஒருமுறை ஓட்டத்துக்கு மாற்றினார்கள். அதையொட்டி விரிகுடாவின் மீன்வளம் 80 விழுக்காட்டுக்கு மேல் சரிந்தது. 2003இல் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் முகமை புதிய உரிமம் கொடுத்தபோது டிகிரியோடு நிற்கவில்லை. ஆண்டு முழுவதும் விரிகுடாவில் கொட்டக்கூடிய மொத்த வெப்பத்துக்கே வரம்பு வைத்தது, அதுவும் பழைய அளவில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவாக. நிறுவனம் வழக்காடியது, 2007இல் இணங்கியது. 500 அடி உயரத்தில் இரண்டு கூலிங் டவர்கள் 2012இல் செயல்பாட்டுக்கு வந்தன. 2017இல் நிலையமே மூடப்பட்டது. 2019 ஏப்ரலில் டவர்களை வெடிவைத்துத் தகர்த்தார்கள். உரிமம் வந்து டவர் நிற்க ஒன்பது ஆண்டு, டவர் நின்றது ஏழு ஆண்டு! வயதான நிலையத்தில் பெரிய மாற்றம் கேட்கும்போது அதன் ஓய்வுத் தேதியையும் சேர்த்துக் கேளுங்கள். எண்ணூரின் 450 மெகாவாட் பழைய நிலையம் 2017இல் மூடப்பட்டதையும் நினைவில் வையுங்கள்.

நம் மனுவில் நான் சேர்க்கச் சொல்வது இவைதாம்: டிகிரி வரம்போடு மொத்த வெப்ப வரம்பு, நாளொன்றுக்கு இழுக்கும் நீருக்கு உச்சவரம்பு, ஒப்பீட்டு இடத்தை வரைபடத்தில் குறித்தல், கால்வாய் முனையிலும் ஒப்பீட்டு இடத்திலும் தொடர் பதிவுக் கருவி, அந்தப் பதிவு பொதுமக்கள் பார்வைக்கு.

படி 9: மனுவும் கூட்டு ஆய்வும்

முதல் மனு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு. நகல் மத்திய அமைச்சகத்தின் சென்னை மண்டல அலுவலகத்துக்கு. அலகு, இசைவாணை எண், நிபந்தனை எண், அளந்த தேதி, நேரம், அலை, மெகாவாட், மூன்று ஆழத்து எண்கள். கோபத்தை இணைப்பில்கூட வைக்க வேண்டாம். பதில் வராவிட்டால் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. அந்தத் தீர்ப்பாயச் சட்டத்தின் 14ஆம் பிரிவில் போவதானால் வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதம்தான். தக்க காரணம் இருந்தால் இன்னும் 60 நாள். வாழ்வாதார இழப்பீட்டுக்கு 15ஆம் பிரிவில் ஐந்து ஆண்டு அவகாசம் உண்டு. அதற்காக இறால் விற்ற கணக்கை எழுதி வைக்கும் வழக்கத்தை இன்றே தொடங்குங்கள்.

கடைசியாக ஒரு விஷயம். நீர்ச் சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி வாரிய அதிகாரி மாதிரியை ஆலைக்காரர் முன்னிலையில் எடுத்து, பிரித்து, முத்திரை வைத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார். குளோரைடுக்கும் சாம்பலுக்கும் அது சரி. சூட்டைப் பாட்டிலில் அடைத்து முத்திரை வைக்க முடியாது. ஆய்வகம் போவதற்குள் எல்லாத் தண்ணீரும் ஒரே சூடு. ஆகவே வெப்பநிலைக்குக் கூட்டு ஆய்வு ஒன்றுதான் சாட்சி. வாரியம், ஆலை, ஊர் மூன்று தரப்பும் ஒரே படகில். வற்று நேரத்து விடியற்காலையாகத் தேதி கேளுங்கள். ஒவ்வொரு எண்ணையும் உரக்க வாசித்து ஒரே தாளில் எழுதச் சொல்லுங்கள். மூன்று பேரின் கையெழுத்தும் படகு கரை தட்டும் முன் அந்தத் தாளில் விழுந்திருக்க வேண்டும்.